போடி மெட்டு: சுமையோடு சுமையாக ஏறியவர்கள்

போன சில கட்டுரைகள் ரொம்ப சீரியஸாகப் போய்விட்டன என்று வகுப்பில் புகார். அதனால் இந்த முறை ஊர் சுற்றுவது பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். (கடைசியில் இதுவும் வரலாறாகவே முடிந்துவிட்டது. மன்னிக்கவும்.)

விஷயம் இதுதான். செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் செட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுப்பது, உள்ளேயே சமைத்து உள்ளேயே படுப்பது, போடியிலிருந்து மெட்டு ஏறிப் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று மூன்று நாள் சுற்றுவது. வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. ஆளுக்கு 1,500 ரூபாய், மொத்தம் 7,500. இரண்டு இடத்துக்குப் போன் போட்டோம். ஒரு நாள் வாடகையே எங்கள் மொத்தப் பணத்தைத் தாண்டிவிட்டது. டீசல் தனி, டிரைவர் பேட்டா தனி, எல்லை தாண்டும் பர்மிட் தனியாம். "தம்பி, நீங்க பஸ்ல போயிருங்க" என்று ஒருவர் நிஜமான அக்கறையோடு சொன்னார்.

ராத்திரி அம்மாச்சியிடம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, வண்டியிலயே சோறாக்கி வண்டியிலயே படுத்துக்கிட்டுப் போறதுக்கா இம்புட்டுக் காசு? எங்க அய்யா காலமெல்லாம் அதைத்தானே செஞ்சாரு!"

அவருடைய அய்யா போடிக்கும் தேனிச் சந்தைக்கும் நடுவில் பாரவண்டி ஓட்டியவர். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கையில் காசில்லாதவர்கள் இந்த மலையில் இத்தனை காலமாக எப்படி ஏறினார்கள்? அவர்களுடைய பயணச் செலவை யார் கொடுத்தார்கள்? காமர்ஸ் படிக்கிறவன் புத்தி வேறு எங்கே போகும், கணக்கில்தான் போய் நின்றது.

முதலில் வெளிநாட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று சொல்லப்படுவது 1885-ல் இங்கிலாந்தில் ஓடியது. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், முன்னாள் கடற்படை மருத்துவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். பிரிஸ்டலில் இருந்த ஒரு ரயில் பெட்டிக் கம்பெனியிடம் சொல்லி, இரண்டு டன் எடையில் ஒரு மர வீட்டைச் சக்கரத்தின் மேல் கட்டச் சொன்னார். பெயர் 'வாண்டரர்', அதாவது நாடோடி. அதற்கு இரண்டு குதிரைகள், ஒரு வண்டியோட்டி, ஒரு பணியாள். பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், வண்டி வருகிறது என்று எச்சரிக்கை செய்வாராம். இந்தப் பரிவாரத்தோடு அவர் இன்வர்னெஸ் வரை போய்வந்து அடுத்த வருடம் புத்தகமும் எழுதிவிட்டார். பிறகு 1951 வாக்கில் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து விற்க ஆரம்பித்தது. இன்று வீடியோக்களில் பார்க்கிற கேம்பர் வேன் அந்த வம்சம்.

நாடோடிகளும் சர்க்கஸ்காரர்களும் வண்டி வீட்டில் வாழ்வது அதற்கு முன்பே இருந்தது. ஸ்டேபிள்ஸ் செய்த புதுமை, வேலை எதுவும் இல்லாமல் போனதுதான். வண்டியில் சரக்கு இல்லை, சந்தைக்குப் போகவில்லை. ஏறி உட்கார்ந்த மனுஷனே சரக்கு. அதனால் மொத்தச் செலவும் அவர் தலையில்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். அதே 1880-களில் போடியிலிருந்து ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அம்மையநாயக்கனூருக்குப் போக வேண்டும் (இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்). அந்தப் பாதை முழுக்க மாட்டு வண்டி. பெரியாறு அணை கட்டியபோது (1887 முதல் 1895 வரை) சாமான்கள் அந்த ஸ்டேஷனில் இறங்கி, வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயின. பென்னிகுக்கைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அந்த வண்டிக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

மூங்கில் வளைத்து மேலே பாய் கட்டினால் கூண்டு வண்டி. கட்டாவிட்டால் மொட்டை வண்டி. அம்மாச்சி சொல்லச் சொல்ல ஒரு பட்டியலே எழுதினேன். வண்டிக்கு அடியில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு அதில் வைக்கோல். அச்சுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு. மசகு போடும் மூங்கில் குழாய். ஒரு மண் சட்டி, கொஞ்சம் அரிசி, புளி, உப்பு, கருவாடு. வெயிலில் மாடு தாங்காது என்பதால் ராத்திரிப் பயணம். முன்னால் போகிற வண்டி மாட்டுக்கு வழி தெரியும், பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். விடிந்ததும் புளியமரத்தடியில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, மூன்று கல் கூட்டிச் சமையல். வண்டி நிழலில் தூக்கம். ஒரு ராத்திரிக்கு 25, 30 கிலோமீட்டர் ஓடினால் பெரிசு. போடியிலிருந்து மதுரை 90 கிலோமீட்டர், அதாவது மூன்று நான்கு ராத்திரி.

இதைத்தானே ஐயா நாங்கள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாடகைக்குக் கேட்டோம்!

அந்த வண்டியில் ஓர் ஆள் கூடுதலாக ஏறி உட்கார்ந்தால் என்ன செலவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மாட்டுத் தீவனம், வண்டிக்காரர் கூலி எல்லாவற்றையும் பருத்தி மூட்டையோ நெல் மூட்டையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டது. திரும்பி வரும்போது வண்டி காலியாக வந்தால் இன்னும் நல்லது. லாரிக்காரர்கள் 'ரிட்டர்ன் லோடு' என்று சொல்வார்களே, அதே கணக்கு. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் சாரிடம் கேட்டால் இரண்டு மணி நேரம் போர்டில் எழுதிப் போடுவார்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கும், அதை அடுத்து வரும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போனதும் இப்படித்தான். அறுவடை முடிந்து மாடும் வண்டியும் சும்மா நிற்கிற மாதம் அது. கட்டுச்சோறு, குழந்தைகள், பாய், தலையணை எல்லாம் வண்டியில். ஆற்று மணலில் வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று ராத்திரி. நம் ஊரில் சிக்கனமான கேம்பர் வேன் பயணத்துக்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இதெல்லாம் சமவெளிக் கதை. பாரவண்டி போடியைத் தாண்டி மேற்கே போனால் மலை குறுக்கே நிற்கும். அதற்குப் பிறகு என்ன?

மலைக்கு மேலே இரண்டு சரக்கு இருந்தது, ஏலக்காய் ஒன்று, தேயிலை ஒன்று. இரண்டும் மலையில் விளைவதுதான், ஆனால் இரண்டும் போட்ட பாதை வேறு வேறு. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஏலக்காய் எடை குறைவு, விலை அதிகம். நாலரை ஐந்து கிலோ பச்சைக் காயைக் காயவைத்தால் ஒரு கிலோதான் தேறும். காயவைத்து மூட்டை கட்டிவிட்டால் ஒரு மனுஷன் தலையில் ஒரு சொத்தே ஏறிவிடும். 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். அந்த விலைக்கு 30 கிலோ தலைச்சுமை என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல். இப்படி ஒரு சரக்குக்கு ரோடே தேவையில்லை. கால் வைக்க ஒற்றையடிப் பாதை இருந்தால் போதும். அதனால்தான் மலை முழுக்கத் தலைச்சுமைப் பாதைகள். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி திருவிதாங்கூரில் ஏலக்காய் அரசாங்கத்தின் ஏகபோகம். விளைவித்தவர் அரசாங்கக் கிடங்கில்தான் கொடுக்க வேண்டும். கிடங்கு கொடுக்கிற விலையைவிடக் கீழே சென்னை மாகாணத்துப் பக்கம் கூடுதல் விலை கிடைக்கும் என்றால் என்ன நடக்கும்? ராத்திரியில் இறங்கும். காவல் சௌக்கி வைத்தும் இறங்கியது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஏகபோகத்தையே எடுத்துவிட்டார்கள்.

தேயிலை அப்படி இல்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பல பயிர்களை வைத்துப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. தேயிலை பெட்டி பெட்டியாகப் போக வேண்டிய சரக்கு. தலையில் வைத்து இறக்கினால் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் கம்பெனி இயந்திரத்தைக் கொண்டு வந்தது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி போட்டார்கள். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சாயாமல் இருக்கச் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம், இழுப்பதற்கு மாடு. (பட்டியாலாவில் இதே மாதிரி ஒன்று பின்னால் ஓடியது.) 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். ரயில் முடிகிற இடம் மலையின் விளிம்பு. அங்கிருந்து போடிப் பக்கம் கொட்டகுடிக்கு 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோப்வே. ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரை நாம் எல்லோரும் ஏதோ 'உச்சியில் உள்ள வியூ பாயிண்ட்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ரோப்வேயின் மேல் ஸ்டேஷன், அவ்வளவுதான். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடியில் கீழ் ஸ்டேஷன். இன்று மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர் ஜீப் பிடித்துப் போய் செல்ஃபி எடுக்கிற இடம் ஒரு காலத்தில் சரக்கு யார்டு. இன்னொரு வேடிக்கை, அந்த இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது, தேனி மாவட்டம்.

தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே வந்தது. அரிசியும் மளிகையும் கம்பியில் மேலே போயின. கொட்டகுடியில் இறங்கிய பெட்டியைப் போடிக்கும், அங்கிருந்து ரயிலுக்கும் கொண்டு போனது நம்ம பாரவண்டிதான். ஆக அந்தக் கம்பியில் ரிட்டர்ன் லோடு பிரச்சினையே இல்லை, போக வர இரண்டு பக்கமும் வேலை.

சரி, அந்தத் தேயிலையைப் பறித்த ஆட்கள் எப்படி மேலே போனார்கள்? நடந்து. கங்காணிகள் சமவெளிக் கிராமங்களில் முன்பணம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, போடி வழியாக மலை ஏற்றிக் கூட்டிப் போனார்கள். தலையில் பானை, இடுப்பில் குழந்தை. மேலே கம்பியில் அரிசி மூட்டை தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்திருப்பார்கள் இல்லையா? அரிசிக்குக் கூலி கொடுக்க ஆள் இருந்தது. இவர்களுடைய முன்பணம் இவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது.

1924 ஜூலையில் பெய்த மழையில் அந்தக் குண்டள ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள். ரயிலைத் திரும்பப் போடவில்லை. நான்கு வருடம் கழித்து 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் வரை வண்டி கட்டிப் போன காலம் அதோடு முடிந்தது. மலைச் சரக்குக்குப் போடியே ரயிலடி ஆனது.

(அந்த ரயிலுக்கும் ஒரு கதை உண்டு. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். நான் அப்போது சின்னப் பையன். தேனி வரை திரும்ப வந்தது 2022-ல், போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருடம்! அந்த முதல் ரயிலைப் பார்க்க ஸ்டேஷனில் கூடிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.)

போடி மெட்டு ரோடு இன்று தேசிய நெடுஞ்சாலை 85-ன் ஒரு பகுதி. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்குப் போகிற சாலை. முன்பு எண் 49. முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும், 17 கொண்டை ஊசி வளைவுகள். புலியூத்துப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் கீழே போடி நகரம் முழுக்கத் தெரியும். மெட்டில் எல்லைக்கோடு. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்து, கடைசியில் அவை கேரளத்தில் சேர்ந்தன. அதன் பலன், மலையின் முகம் நமக்கு, முதுகு அவர்களுக்கு. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தில் சூரியநெல்லி போய் அங்கிருந்து ஜீப் ஏற வேண்டும். ஏலக்காய் மேலே இடுக்கியில் விளைகிறது, அதை வாங்குகிற வியாபாரி போடியில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் அங்கே புற்றடியிலும் நடக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போன பிறகு, எங்கள் டாக்ஸ் பாடத்தில் 'மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை' என்று வருகிறபோதெல்லாம் எனக்கு இந்த மெட்டுதான் கண்ணில் வரும்.

இந்த ரோட்டில் மிக அதிக முறை ஏறி இறங்கியவர்கள் யார்? சுற்றுலாப் பயணிகள் கிட்டக்கூட வர முடியாது. போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள்தான். விடியற்காலை தெருமுனையில் ஜீப் வரும். ஏலக்காய்க் காட்டுக்குப் போய்ப் பறிப்பு, களையெடுப்பு பார்த்துவிட்டுச் சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். எங்கள் அம்மாச்சி முப்பது வருடத்துக்கு மேல் போனவர். சின்ன வயசில் அவருடைய அம்மாவோடு நடந்தே ஏறியிருக்கிறார். அப்போது தினமும் திரும்ப முடியாது. அரிசியும் சட்டியும் சுமந்துபோய்த் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வாரக்கணக்கில் தங்குவார்களாம். ஜீப் வந்த பிறகுதான் ராத்திரி சொந்த வீட்டுத் தூக்கம்.

"ஜீப்புல எத்தனை பேர் அம்மாச்சி?"

"எண்ணிப் பாத்தா ஏற முடியுமா?"

பதினேழு வளைவில் எங்கே தூங்கலாம், எங்கே கம்பியைப் பிடிக்கணும் என்று உடம்புக்கே தெரியும் என்றார். புலியூத்து வியூ பற்றிக் கேட்டேன். நடுவில் உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவளுடைய முதுகுதான் தெரியுமாம், பின்னால் தொத்திக்கொண்டு வருகிற நாளில்தான் பள்ளத்தாக்கு தெரியும், அன்றைக்குப் பார்க்கப் பயமாக இருக்கும் என்றார்.

இங்கேதான் என் கணக்கு இடித்தது. மலிவாக ஏறியவர்கள் எல்லோரும் வேறு ஏதோ சுமையின் செலவில் ஏறினார்கள் என்று அழகாக ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பருத்தி மூட்டையின் செலவில் வண்டிக்காரர் வீட்டுக் குழந்தைகள் திருவிழா பார்த்தார்கள், சரி. ஆனால் தோட்டத்து ஜீப்பில் சுமையே இந்தப் பெண்கள்தான். ஒரு ட்ரிப்புக்கு டீசலும் டிரைவரும் ஒரே செலவு, தலை எண்ணிக்கை கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். நிலையான செலவு, மாறும் செலவு என்று முதல் வருடத்தில் படித்தது இதுதான். எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் மேல் வரம்பு கிடையாது. இந்த மலைச் சாலைகளில் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தி பேப்பரில் வராத வருடம் எனக்கு நினைவில்லை. மிச்சம் பிடித்த காசை அந்த இடத்தில் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

சுற்றுலாவிலும் இது நடந்திருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து மலையேற வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. காய்ந்த புல்வெளியில் தீ. சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எங்களை மாதிரி, எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். வாரக்கடைசி, குறைந்த செலவு, நல்ல காட்சி, வேறு என்ன வேண்டும் என்று வந்தவர்கள். போடியில் அன்று ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். அதே வருடம் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு, வழிகாட்டியோடு திறந்தது. அதில் குரங்கணி சாம்பலாறும் உண்டு. கட்டணம் அதிகம் என்று எங்கள் செட்டில் ஒருவன் சலித்துக்கொண்டான். நான் பதில் சொல்லவில்லை. கோடையில் எங்கள் தெரு மாடியிலிருந்து பார்த்தாலே மலையில் தீக்கோடு தெரியும், அவன் ஊர் வேறு, அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வேனை ரோட்டோரம் நிறுத்திப் படுக்கலாம் என்ற எங்கள் யோசனைக்கும் அம்மாச்சி ஒரே வார்த்தையில் முடிவு கட்டினார்: "அரிக்கொம்பன்." சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மே கடைசியில் கம்பம் தெருவுக்குள் வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனார்கள். அது போய்விட்டாலும் அதன் சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஐந்து கிலோ அரிசியோடு வேனில் படுத்துத் தூங்குகிற ஐந்து பேரைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்களோ :-)

இங்கே ஆம்னியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் பாவம். 1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் தயாரிப்பு நின்ற அந்தப் பெட்டிதான் எங்கள் ஊரில் கூண்டு வண்டியின் வாரிசு. வார நாளில் காய்கறி, ஏலக்காய்ச் சாக்கு. லீவு நாளில் பின்சீட்டை மடித்துப் பாய் விரித்தால் ஒரு குடும்பம். சொந்த ஆம்னி உள்ள மாமா எங்கள் யாருக்கும் இல்லை, அதுதான் குறை.

பணம் இருக்கிறவர்களுக்காகக் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா 2022-ல் அதே இடுக்கி மாவட்டத்தில் வாகமண்ணில் வந்தது. அதற்கு முன்பே அங்கே இன்னொன்று நடந்தது, என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். கொரோனாவில் பஸ்கள் சும்மா நின்றன இல்லையா? 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறு டிப்போவில் பஸ்ஸுக்குள் படுக்கை அடித்து வாடகைக்கு விட்டது. ஒரு பஸ்ஸில் 16 படுக்கை. அன்றைக்கு ஒரு ராத்திரிக்கு 100 ரூபாய், முன்பணம் 100. கழிப்பறைக்கு டிப்போவில் உள்ளதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஓடாத வண்டி, காலி இடம், எப்படியும் ஆகிக்கொண்டிருக்கிற செலவு. அறுவடை முடிந்து சும்மா நின்ற கூண்டு வண்டியேதான்! அதைக் கண்டுபிடித்த அதிகாரி யாராக இருந்தாலும் காமர்ஸ் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

ஆக எங்கள் கேம்பர் வேன் பயணம் இப்படி நடந்தது. போடியில் காலை பஸ். முந்தல் தாண்டும்போது எங்களை ஒட்டி ஜீப்புகள் வரிசையாக ஏறின. எங்கள் பஸ்ஸில் பாதி சீட் காலி. மெட்டில் டீ. ஆனையிறங்கல் அணை, தேயிலைக் காட்டுக்கு நடுவில் தண்ணீர், அதைப் பற்றி எழுதினால் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுத வேண்டும். லாக்ஹார்ட் கேப்பில் மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. ராத்திரி மூணாறில் பஸ் படுக்கை. மேல் படுக்கைக்காரன் விட்ட குறட்டையில் மாடே பயந்து ஓடியிருக்கும். மறுநாள் டாப் ஸ்டேஷனுக்கும் பஸ்தான். எல்லோரும் கைப்பிடிக் கம்பி ஓரமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கொட்டகுடிப் பக்கம் எட்டிப் பார்த்து, கம்பி எந்த வழியாகப் போயிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். பனி. ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாடு, பஸ், படுக்கை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்து கணக்கை அம்மாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மேல போகும்போது என்ன கொண்டு போனீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மாச்சி, துணிதான்."

"வரும்போது?"

பையிலிருந்து கால் கிலோ ஏலக்காயை எடுத்து நீட்டினேன். மூணாறு கடையில் வாங்கியது. ஒன்றை எடுத்து உரித்து, விதையைக் கையில் கொட்டிப் பார்த்து, முகர்ந்தார். விலையைக் கேட்டார். சொன்னேன்.

"போடியிலயே வாங்கியிருந்தா இதைவிட நல்ல காயா எடுத்துத் தந்திருப்பேனேடா" என்றார்.